பாத்ரூமில் வழுக்கி விழுந்தவர்

"சட்டையைக் கழட்டுடா!"

ஏட்டு கொளஞ்சி போட்ட சத்தத்தில் ரமீஜாவின் இடுப்பில் இருந்த குழந்தை வீறிட்டது.

"எஸ்.ஐ. சார் போகச் சொல்லிட்டாரே, சார்..." என்றாள் ரமீஜா. புருஷன் அன்வருதீன் நிற்கவே முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

நெல்லித்தோப்பில் ஒரு வீட்டில் நகை காணோம். அன்றைக்கு அங்கே வேலை பார்த்தது பெயின்டர், தச்சர், சோபாவுக்கு உறை தைக்கப் போன அன்வருதீன். போலீஸ் தூக்கியது அன்வருதீனை மட்டும்தான். "உங்க ஆளுங்களப் பத்தித் தெரியாதா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தாராம் எஸ்.ஐ.

விடிந்து பார்த்தால், நகை அந்த வீட்டு அரிசி டிரம்மிலேயே இருந்திருக்கிறது. வீட்டுக்காரம்மாவே ஒளித்து வைத்துவிட்டு மறந்துபோயிருக்கிறார்.

"யாராவது கேட்டா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லு, போ" என்று எஸ்.ஐ. அனுப்பிவிட்டார். வாசலைத் தாண்டுவதற்குள் இந்த ஏட்டு மறித்துக்கொண்டார்.

"எதையாச்சும் சுருட்டிக்கிட்டுப் போறியான்னு பாக்க வேணாமா? கழட்டு. அங்க இல்லடா, நடு ஹாலுக்கு வா. திரும்பு. பேரு, ஊரு சத்தமா சொல்லு."

"அன்வருதீன்... நெல்லித்தோப்பு..."

சட்டை இறங்கியது. முதுகு பூராவும் லத்தி அடி. ரத்தம் கன்றிப்போயிருந்தது.

"என்னடா இது?"

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் சார்."

"வரி வரியா அடிக்கிற பாத்ரூமு நம்ம ஸ்டேஷன்ல எங்கடா இருக்கு? எனக்கும் காட்டேன்!"

எல்லாப் போலீசும் சிரித்தார்கள். உள்ளேயிருந்து எஸ்.ஐ.யும் சிரித்தார். "யோவ் கொளஞ்சி, நான் அடிச்சது போதும், விடுய்யா!"

ஆம்பளைகள் முன்னால் வாயே திறக்காத ரமீஜா கத்திவிட்டாள். "நீங்கள்லாம் புள்ள பெத்தவங்கதானா? அடிச்சது போதாதுன்னு வெத்து ஒடம்போட நிக்க வெச்சுச் சிரிக்கிறீங்களே!"

"கெளம்பும்மா. போயி எந்தக் கோர்ட்டுல வேணாலும் சொல்லிக்க" என்று சட்டையை அவள் மேல் எறிந்தார் ஏட்டு.

அடுத்த மாதம், வக்கீல் துர்கா கம்ப்யூட்டரை ரமீஜா பக்கம் திருப்பினார்.

"லாக்கப் கேமரா ரிப்பேர்னுட்டாங்க. நல்லவேளை, ஹால்ல இருந்தது ஓடியிருக்கு. கோர்ட்டு மூலமா வாங்கிட்டேன். முதுகு தெரியுது, பேரு கேக்குது, எஸ்.ஐ. தன் வாயாலயே ஒத்துக்கிட்டதும் கேக்குது. இனிமே அந்த ஆளு தப்பிக்க முடியாது."

ரமீஜா படத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எஸ்.ஐ. அடிச்சதக்கூட மறந்துடுவேன் மேடம். மானத்த வாங்குனான் பாருங்க, இந்த ஏட்டு, இவன் பேர மொதல்ல எழுதுங்க."

"எழுதிட்டேன் ரமீஜா. எஸ்.ஐ.க்கு எதிரா மொத சாட்சியா. 'ஹால் கேமரா ஓடுதும்மா, அழிக்கிறதுக்குள்ள மனு போடுங்க'ன்னு என்னைத் தேடி வந்து சொன்னதே அவர்தான்."