அரைமணிச் சட்டம்

"இன்னும் ஆறு நிமிஷம்தாங்க. அதுக்குள்ள வரலைன்னா பாயிண்ட் உங்களுக்கு" என்றார் நடுவர்.

"பாயிண்ட்டை யாருங்க கேட்டா? கடிகாரத்தைக் கொஞ்சம் நிறுத்தி வைங்களேன்."

சதுரங்கப் பலகையில் காய்கள் அடுக்கியபடியே இருந்தன. எதிர் நாற்காலி காலி. அரைமணிக்குள் வராதவர் தோற்றவர், அதுதான் சட்டம். எதிராளி வராவிட்டால் உள்ளுக்குள் குதிக்கிறவர்களைத்தான் நடுவர் இத்தனை வருஷமும் பார்த்திருக்கிறார். இந்த அறுபது வயதுக்காரரோ கைத்தடியை மேஜையில் சாய்த்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வர வேண்டியவர் தெரிஞ்சவரா?"

"கூடப் பிறந்த அண்ணன். பதினோரு வருஷமா பேச்சுவார்த்தை இல்லை. வீட்டைப் பிரிக்கறப்ப நான்தான் வாயை விட்டேன்." அவர் காலி நாற்காலியைப் பார்த்தார். "இந்த ரவுண்டுல உங்க கம்ப்யூட்டர் எங்க ரெண்டு பேரையும் ஜோடி போட்டிருக்கு. கை குலுக்கிட்டுத்தானே ஆடணும்? அந்தச் சாக்குல கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டுடலாம்னு வந்தேன்."

நடுவருக்கு மனம் கேட்கவில்லை. பதிவேட்டில் இருந்த அண்ணனின் எண்ணுக்குப் போன் செய்து பார்த்தார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

"நான்னு தெரிஞ்சுதான் அணைச்சிருக்கார்" என்றார் தம்பி.

அரைமணி முடிந்தது. ஒருவருக்கு வளைந்து கொடுத்தால் ஊருக்கே வளைய வேண்டும். நடுவர் 'வரவில்லை' என்று எழுதினார்.

"என் பேரையும் எடுத்துடுங்க சார். இனி எந்த ரவுண்டுக்கும் வர மாட்டேன்."

விலகல் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கைத்தடியை ஊன்றி, யாரையும் பார்க்காமல் வெளியேறினார். ஆட்டோ ஒன்று கிளம்பும் சத்தம் கேட்டது.

சற்று நேரத்தில், மாடி ஹாலைக் கவனித்துக்கொண்டிருந்த உதவி நடுவர் பெண் இறங்கி வந்தாள். அவள் கையிலும் ஒரு விலகல் படிவம்.

"மாடியில ஒரு பெரியவர், சட்டப்படி போனை அணைச்சு வெச்சுட்டு, அரைமணி நேரம் தனியா உட்கார்ந்திருந்தார் சார். எதிராளி வரவே இல்லை. 'என் தம்பிக்கு என் முகத்துல முழிக்கப் பிடிக்கலை போலிருக்கு, பேரை எடுத்துடும்மா'ன்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டே பின்பக்கப் படியில இறங்கிப் போயிட்டார்."

படியேற முடியாத தம்பிக்காக அந்த ஆட்டத்தைக் காலையில் கீழ்த்தளத்துக்கு மாற்றியவர் நடுவர்தான். மாடி வாசலில் ஒட்டிய பட்டியலைத் திருத்தத்தான் மறந்துபோயிருந்தார்.