இரண்டாவது தீர்மானம்

"இந்த டிவிக்காரனுங்களைப் புடிச்சு உள்ள போடணும்!" என்று மேசையில் ஓங்கி அறைந்தார் கார்ஸ்டன்.

எங்கள் வகுப்பின் பெற்றோர் கூட்டம் அது. போன வெள்ளிக்கிழமை வகுப்பு விருந்தில் குடித்து மயங்கி, படியில் தலை மோதி விழுந்த சில்கா அவருடைய மகள். பதினைந்து வயது. இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள்.

அவள் என் தோழி. இனி யாரும் அப்படி விழாமலிருக்க ஏதாவது முடிவெடுப்பார்கள் என்று நம்பித்தான் மாணவர் பிரதிநிதியாகக் குறிப்பெழுத வந்திருந்தேன்.

"நம்ம பிள்ளைங்க பாக்குற அந்தத் தொடர்ல பத்து நிமிஷத்துக்கு ஒரு பாட்டில் திறக்குறாங்க," என்றார் கார்ஸ்டன். "குடிக்கிறது எல்லாம் பள்ளிக்கூடப் பசங்க!"

"போன்ல மட்டும் என்ன வாழுதாம்?" என்றாள் என் அம்மா. "குடிச்சிட்டு ஆடுறதைப் படம் புடிச்சுப் போட்டா டென்மார்க்கே பாக்குது. வெக்கங்கெட்டவனுங்க!"

தொடரை நிறுத்தச் சொல்லித் தொலைக்காட்சி நிலையத்துக்குக் கண்டனக் கடிதம் அனுப்ப முடிவானது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

"அடுத்தது, பிள்ளைங்களோட மே மாச விருந்து," என்றார் பெற்றோர் குழுத் தலைவி பிர்கிட்டா. "பீர் யாரு வாங்குறது? கார்ஸ்டன், போன வெள்ளிக்கிழமை விருந்துக்கு நீங்கதானே எல்லை தாண்டி ஜெர்மனிப் பக்கம் போயி மலிவா அள்ளிட்டு வந்தீங்க?"

கார்ஸ்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இப்பவும் நானே வாங்கிட்டு வர்றேன். ஆனா தலைக்கு நாலு பாட்டில் வேணாம். இந்தத் தடவை மூணு போதும்."

"சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க."

முதலில் உயர்ந்தது என் அம்மாவின் கை.