ஒழுகாத பக்கம்

"இன்னாக்கா இது கூத்து? ஓட்டை அடுப்பங்கரை பக்கம் கீது, தார்ப்பாயைக் கடல் பக்கமா கட்டி வெச்சிருக்கீங்க?"

கூரை மேலிருந்து ஜோயல் கத்தினான். செங்கல்பட்டில் கூரை ஷீட் கடை வைத்திருப்பவன். விடிகிற நேரத்துக்கே டெம்போவில் ஷீட்டுகளை ஏற்றிக்கொண்டு, இரண்டு ஆட்களோடு நெம்மேலிக் குப்பத்துக்கு வந்துவிட்டான்.

"எல்லாம் எங்க வூட்டு ஆம்பளையோட வேலை" என்று கீழே நின்ற பரிமளா சிரித்தாள். "மழை பேஞ்சா நான் அடுப்பாண்ட குண்டான் வெச்சுகினு ஒக்காந்திருப்பேன். அவரு காஞ்சு கெடக்குற பக்கம் ஏறி தார்ப்பாய் கட்டுவாரு. கேட்டா, 'உனுக்கு ஒண்ணியும் தெரியாது, சும்மா கெட'ன்னுவாரு. அவுத்துக் கடாசு தம்பி!"

தார்ப்பாய் மணலில் வந்து விழுந்தது. கொஞ்சம் வெளுத்தால் போதும், அவள் புருஷன் சுதாகர் உடனே புதுசு வாங்கி வந்து கட்டிவிடுவான். அதிலும் நீலம்தான் வேண்டும். கூரையை மாற்றலாம் என்றால் மட்டும் பிடி கொடுக்க மாட்டான்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த பரிமளா, மீன் விற்றுக் கட்டிய சீட்டை எடுத்துக்கொண்டு தானே பஸ் ஏறி ஜோயல் கடைக்குப் போய்விட்டாள். தகர ஷீட் உப்புக் காற்றுக்கு மூன்றே வருஷத்தில் துருப்பிடிக்கும் என்றான் அவன். சிமென்ட் ஷீட் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள்; பன்னிரண்டு வருஷமாக அதன் கீழேதான் வெந்துகொண்டிருக்கிறாள். கடைசியில் அலுமினிய ஷீட், சூடு இறங்காமலிருக்க அடியில் ஃபோம் ஒட்டியது என்று முடிவாயிற்று.

"நீலத்துல போட்டுடலாமாக்கா? கடலோர வூட்டுக்கு எடுப்பா இருக்கும்" என்றதற்கு, "நீலம் மட்டும் வேணவே வேணாம்பா, பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப் போச்சு. வெள்ளை போடு" என்றாள்.

புருஷன் கடலில் இருக்கும்போதே வேலையை முடித்துவிட வேண்டும் என்பது அவள் கணக்கு. ஒன்பது மணிக்குக் கரைக்கு வருகிறவன் கத்துவான்தான். கத்தட்டும், போட்ட கூரையைப் பிரிக்கவா போகிறான்?

ஒன்பது மணி ஆயிற்று. சுதாகர் வரவில்லை. பத்து மணிக்குள் ஊர்ப் படகுகள் எல்லாம் வந்துவிட்டன. பதினொன்றுக்கு மேல் பரிமளாவால் நிற்க முடியவில்லை. வலையை உதறிக்கொண்டிருந்த அண்ணன் மூர்த்தியிடம் ஓடினாள்.

"அவரைப் பாத்தியாண்ணா?"

"மச்சான் எங்க எங்ககூட வர்றாரு? இருட்டோட தனியா போவாரு, பெட்டி நெறைய சங்கரா மீனோட வருவாரு. எங்க புடிச்சீங்கன்னு கேட்டா வாயைத் தொறக்க மாட்டாரு." சொல்லிக்கொண்டே மூர்த்தி போன் போட்டான். தொடர்பு கிடைக்கவில்லை. அவன் முகமும் மாறிவிட்டது.

பரிமளா அலை ஓரத்துக்கே போய் நின்றாள். கடல் குளம்போலத்தான் கிடந்தது. அதுவே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. வேண்டாம் வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டாரே. தண்ணீரில் மனுஷன் இருக்கும்போது வீட்டுக் கூரையைப் பிரித்தேனே, பாவி! கங்கையம்மா, அவரை மட்டும் கொண்டுவந்து சேர்த்துவிடு, கூரையே இல்லாமல் கூட இருந்துகொள்கிறேன்.

ஒரு மணிக்கு, தேடிப் போக மூர்த்தி தன் படகைத் தள்ள ஆள் கூப்பிட்டபோதுதான் அந்தச் சிவப்பு மூக்கு தெரிந்தது. சுதாகரின் படகு!

பரிமளா இடுப்பளவு தண்ணீருக்குள் ஓடிவிட்டாள். "எங்கய்யா போய்த் தொலைஞ்ச? எனுக்கு உசுரே போயிடுச்சுய்யா!" என்று அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். பிறகு அந்தச் சட்டையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். ஆள் முழுசாகத்தான் இருந்தான். மீன் பெட்டிதான் காலி.

"இஞ்சின் மக்கர் பண்ணிடுச்சா மச்சான்?" என்றான் மூர்த்தி.

"ஆங்... ஆமா ஆமா" என்றான் சுதாகர். அவன் பார்வை வெயிலில் வெள்ளையாகப் பளபளத்த கூரையை விட்டு நகரவில்லை.

"கத்தணும்னா கத்திக்கோ. நீ வந்ததே போதும் எனுக்கு" என்றாள் பரிமளா.

அவன் கத்தவில்லை. மூர்த்தி தள்ளிப் போகும்வரை பொறுத்திருந்து, அவளைப் படகு மறைவுக்கு இழுத்துப் போய்க் காதோரம் சொன்னான்.

"இஞ்சினு நல்லாத்தான் கீது. அந்த கடல்தண்ணிய நல்லதண்ணி ஆக்குற பிளான்ட்டு டேங்கும் நம்ம வூட்டு நீலத் தார்ப்பாயும் ஒரே கோட்டுல வந்துச்சுன்னா, அங்கதான் என் பாறை கீது, சங்கராப் பாறை. ஜிபிஎஸ்ல போட்டு வெச்சா உங்கண்ணன் புடுங்கிப் பாத்துடுவான்னுதான் கூரை மேல கட்டி வெச்சேன். விடிஞ்சதுலேர்ந்து சுத்திகினே கீறேன், வூட்டையே காணோம்டி!"

பரிமளா மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அழுகையோடு சிரிப்பும் வந்து தொலைத்தது. நேரே வீட்டுக்கு நடந்தாள். ஜோயல் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். மூர்த்தி பக்கத்தில் நின்று புதுக் கூரையை அண்ணாந்து ரசித்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, அந்த நீலத் தார்ப்பாயை எடுத்துகினு மேல ஏறு. முன்ன இருந்த எடத்துலயே கட்டு."

"புதுக் கூரை மேலயா? எதுக்குக்கா?"

மூர்த்தியும் திரும்பிப் பார்த்தான். வானத்தில் பொட்டு மேகம் இல்லை.

"ஒழுகுது" என்றாள் பரிமளா.