தொட்டியில கொட்டின உப்பு

"யாரோ தொட்டியில உப்பைக் கொட்டிட்டாங்க!"

நர்சரிக்காரர் போட்ட சத்தத்துல, மனைவி ஹோஸ் பைப்பை அப்படியே போட்டுட்டு ஓடி வந்தா. தண்ணியில உப்பு அளக்கிற மீட்டர் ஒன்பதுன்னு காட்டுது. நேத்து மதியம் வரைக்கும் ரெண்டு.

போர் தண்ணி உப்பாகி ரெண்டு வருஷம் ஆச்சு. உப்பைக் குறைக்கிற நுண்ணுயிர்னு கேள்விப்பட்டு, வாங்கிட்டு வந்து சிமெண்ட் தொட்டியில வளர்த்தார். மீட்டரோட கம்பியைத் தண்ணியில இறக்கினதோட சரி, ஒரு மாசமா யாரையும் அதைத் தொடவிடல. "அசைச்சா அதுங்க கலைஞ்சிடும்"பார்.

ஒன்பது, ஏழு, அஞ்சுன்னு இறங்கி ரெண்டுக்கு வந்துச்சு. நாலு நாளா ஆயிரம் கன்னுக்கும் அந்தத் தண்ணிதான். போன தடவை வெச்ச கன்னுங்க மாதிரி இதுவும் பட்டுப் போச்சுன்னா இடத்தை வித்துட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

"மீட்டர்ல கோளாறா இருக்குமோ?"

"கேன் தண்ணியில வெச்சுப் பார்த்தேன், பூஜ்யம் காட்டுது. மீட்டர் சரியாத்தான் இருக்கு. தண்ணியிலதான் எவனோ கை வெச்சிருக்கான்."

சொல்லிட்டு மச்சானைப் பார்த்தார். கூடவே இருந்து வேலை பார்க்கிறவன். போன வாரம்தான் தொட்டித் தண்ணியை ஒரு வாய் குடிச்சுட்டு, "கரிக்குதே மாமா"ன்னான். "மீட்டரைவிட உன் நாக்கு பெருசா?"ன்னு வாயை அடைச்சார்.

"இடத்தை வித்துடலாம்னு ஒரு வருஷமா நச்சரிக்கிறது நீதானேடா?"

"அதுக்குன்னு உப்பைக் கொட்டுவேனா மாமா? நானும்தானே குழி வெட்டி கன்னு நட்டேன்?"

"பேசாத. பையை எடுத்துட்டுக் கிளம்பு."

அவனும் ரோஷத்தோட பையை மாட்டிக்கிட்டு கேட் வரைக்கும் போயிட்டான்.

"அவனைத் திட்டாதீங்க." மனைவி குறுக்கே வந்து நின்னா. "நேத்து சாயங்காலம் நான்தான்..."

"நீயா உப்பைப் போட்ட?"

"ஐயோ, உப்பெல்லாம் இல்லங்க. அந்தக் கம்பி மேல பால்ல ஆடை கட்டின மாதிரி, வழவழன்னு கனமா படிஞ்சிருந்துச்சு. பார்க்கச் சகிக்கல. பிரஷ் போட்டுத் தேய்ச்சுக் கழுவி வெச்சேன். அவ்ளோதான்."

அவர் கம்பியைத் தூக்கிப் பார்த்தார். பளபளன்னு இருந்துச்சு. "அதுங்க கம்பி மேல படியப் படியத்தான் மீட்டர் குறைச்சுக் காட்டியிருக்கு"ன்னார்.

கேட் கிட்ட நின்ன மச்சான் பையைக் கீழே வெச்சான். குனிஞ்சு ஒரு கன்னோட இலையைத் திருப்பினான். ஓரமெல்லாம் கருகிக் கிடந்துச்சு.

"அப்போ நாலு நாளா நாம ஊத்தினது பூரா உப்புத் தண்ணியா, மாமா?"