ஏழாவது கோஷம்

"ஆறு கோஷம். அதுக்கு மேல ஒண்ணு வந்துச்சி, லத்திதான் பேசும். இன்னா சாம்சன், சரியா?"

"சரி ஏட்டய்யா. ஆறு முடிஞ்சதும் நாங்களே வேன்ல ஏறிக்கிறோம்."

தொண்ணூத்தொண்ணு ஆகஸ்ட். பட்ஜெட்டில் எல்லா விலையும் ஏறி, ஊரெல்லாம் மறியல். ஸ்ரீபெரும்புதூரில் மறியல் என்றால் முதல் நாளே டீக்கடையில் பேசி முடித்துவிடுவார்கள். சங்கத்துக்காரர்கள் ரோட்டில் உட்கார்ந்து கோஷம் போடுவார்கள், வேனில் ஏறுவார்கள். போலீஸ் அவர்களைக் கல்யாண மண்டபத்தில் வைத்து, சாம்பார் சாதம் போட்டு, சாயங்காலம் விட்டுவிடும். யாருக்கும் நஷ்டமில்லை.

கோஷத்தை எண்ணுகிற வேலை ஏட்டு கோதண்டத்துக்கு. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் எண்ணிக்கை பிசகினதே இல்லை என்று அவருக்கு ஒரு பெருமை. பாவம், பெருமைப்பட வேறென்ன இருந்தது? புரமோஷனா வந்தது? தொப்பைதான் வந்தது.

மறியல் அன்றைக்கு விடியற்காலையிலிருந்தே பெங்களூர் ரோட்டில் நிற்கிறார். கிளம்பும்போது பெண்டாட்டி ராஜம்மா நீட்டிய காபியில் சர்க்கரை இல்லை. "இன்னாடி இது?" என்றதற்கு, "சர்க்கரை வெலை ஏறிப்போச்சி, உன் வருமானம் எறங்கிப்போச்சி. குடிச்சிட்டுக் கெளம்பு" என்றாள். அந்த எரிச்சல் ஒரு பக்கம். வெறும் வயிறு இன்னொரு பக்கம். தலைக்கு மேலே வெயில் வேறு.

பார்ட்ஸ் கம்பெனி ஆட்களும் ஒரகடம் பக்கத்து விவசாயிகளும் ரோட்டை அடைத்து உட்கார்ந்தார்கள். லேத் ஓட்டுகிற சாம்சன்தான் சங்கத்துச் செயலாளர். எழுந்து நின்று கையை உயர்த்தினான்.

"ஏத்தாதே ஏத்தாதே! உரம் வெலைய ஏத்தாதே!"

ஒண்ணு. கோதண்டம் கட்டைவிரலை மடக்கினார்.

"ஏத்தாதே ஏத்தாதே! சர்க்கரை வெலைய ஏத்தாதே!"

ரெண்டு. இந்தக் கோஷத்துக்கு ஏட்டய்யாவின் வாயே லேசாக அசைந்துவிட்டது. இருமிச் சமாளித்துக்கொண்டார்.

காஸ், பஸ் டிக்கெட், ரேஷன், வேலை. ஆறும் முடிந்தது. கூட்டம் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தது. அப்பாடா என்று கோதண்டம் வேன் கதவைத் திறக்கப் போனார்.

சாம்சன் மறுபடியும் கையைத் தூக்கினான். "போலீஸ்..."

அவ்வளவுதான். கோதண்டத்துக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு வேகம் வந்ததோ! பாய்ந்துபோய் ஒரே போடு. லத்தி சாம்சனின் வலது மணிக்கட்டில் இறங்கியது.

"பேச்சுன்னா பேச்சுடா! போலீஸையா திட்டறே?"

"அடப்பாவி மனுசா!" என்று கூட்டத்திலிருந்து ஒரகடத்து முனியம்மாள் கத்தினாள். "லேத்துல நிக்கிற கைய்யா அது!"

மண்டபத்தில் சாம்பார் சாதம் வந்தது. சாம்சனால் சாப்பிட முடியவில்லை. கை பன்னு மாதிரி வீங்கியிருந்தது. ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் இப்போதுதான் உள்ளே வந்தார்.

"யோவ் ஏட்டு! பேப்பர்காரன் வந்து நிக்கிறான். ஏன் அடிச்சேன்னு ரிப்போர்ட் எழுது. ஏழாவதா என்ன கோஷம் போட்டான்னு விசாரிச்சு எழுது. போலீஸைத் திட்டியிருந்தா கேஸ் போட்டு செங்கல்பட்டு ஜெயிலுக்கு அனுப்பிடலாம். நம்ம மேல பழி வராது."

கோதண்டம் பேனாவோடு சாம்சன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஜெயிலுக்குப் போனா கம்பெனில சீட்டைக் கிழிச்சிருவான், தெரியுமில்ல? பேசினபடி ஆறோட நிறுத்தியிருக்கலாமே! எதுக்குடா போலீஸைத் திட்டப் போனே?"

"திட்டலியே ஏட்டய்யா."

"பின்ன?"

 சாம்சன் இடது கையால் சட்டைப் பையிலிருந்து நோட்டீஸை இழுத்துக் கொடுத்தான். ஆறு கோரிக்கைகள் அச்சில் இருந்தன. அதற்குக் கீழே பால்பாயிண்ட் பேனாவில் ஏழாவதாக ஒன்று.

'போலீஸ்காரருக்கு வெட்டிய பந்தோபஸ்து படியைத் திருப்பிக் கொடு!'

"நேத்து டீக்கடையில நீங்கதானே பொலம்பிக்கினு இருந்தீங்க. சிக்கனம்னு படியை நிறுத்திட்டான், போலீசுக்குச் சங்கமும் கெடையாது, நாங்க யாராண்ட போய்க் கத்தறதுன்னு. அதான் நாங்க கத்தலாம்னு... முன்னாடியே சொன்னா வேணான்னுடுவீங்க."

 கோதண்டத்துக்கு அடித்த கையை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. தனக்காகக் கத்த ஒருத்தன் வந்தால், அவனை அடித்து உட்காரவைத்தது தானேதான்!

உள்ளதை எழுதினால், நீதான் தூண்டிவிட்டாயா என்று இலாகா விசாரணை வரும். இல்லாததை எழுதினால் இவன் வேலை போகும். குனிந்து நாலு வரி எழுதினார்.

"எழுதிட்டியாய்யா?" இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார்.

கோதண்டம் நோட்டீஸை மடித்துத் தொப்பிக்குள் திணித்தார். எழுந்து விறைப்பாக நின்றார்.

"எழுதிட்டேன் அய்யா. அவன் ஆறாவதைத்தான் போட வாயெடுத்தான். நான்தான் ஏழுன்னு தப்பா எண்ணிட்டேன். இருபத்திரண்டு வருசத்துல மொதல் தப்பு. என் பேர்லயே எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டேன்."

இன்ஸ்பெக்டர் தலையிலடித்துக்கொண்டார்.

"ஆறு வரைக்கும் எண்ணத் தெரியல. இந்த லட்சணத்துல உனக்குப் படி வேற கேக்குதா, படி!"