தவளைக்குப் பொன்னாடை

விஷப்பல்லை ஒழிக்கக் காட்டில் மாநாடு கூடியது. பிறந்ததிலிருந்து விஷப்பல்லே முளைக்காத குளத்துத் தவளைதான் முதல் ஆளாக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. நல்லபாம்பு கண்கலங்கிப்போய், தான் உரித்த சட்டையையே அதற்குப் பொன்னாடையாகப் போர்த்தியது. விரியன் தவளையின் வாயைத் திறந்து பார்த்து, சுத்தம் என்று சான்று கொடுத்தது. தவளைக்குப் பெருமை தாங்கவில்லை.

"நீங்க எப்பய்யா கையெழுத்துப் போடுவீங்க?" என்றது.

"விரியன் போட்ட மறுநிமிஷம்," என்றது நல்லபாம்பு.

"நல்லபாம்பு போட்ட மறுநிமிஷம்," என்றது விரியன்.

"அதுவரைக்கும் உங்க வாயை யார் சோதிக்கிறது?"

"முதல்ல கையெழுத்துப் போட்டவன் நீ. உன்னை விட்டா யாருக்கு அந்தத் தகுதி இருக்கு, தம்பி?" என்று நல்லபாம்பு வாயை அகலத் திறந்தது. "கூச்சப்படாம உள்ளே வந்து பாரு."

பொன்னாடை கசங்காமல் பிடித்துக்கொண்டு, தவளை கடமையுணர்ச்சியோடு உள்ளே போனது.