கெடிலக் கரை டெண்டர்

எங்கள் தெருவில் இரண்டு காண்ட்ராக்டர்கள். ஒருவர் தனகோட்டி, இன்னொருவன் அவர் மனைவியின் தம்பி சிவக்கொழுந்து. இருவரும் எதிரெதிரே வந்தால் நான் டிவியை அணைத்துவிடுவேன். சீரியலைவிட இது நன்றாக இருக்கும்.

கெடிலம் ஆற்றின் கரையைப் பலப்படுத்தி, மரம் நட்டு, ஆற்றைப் பழையபடி ஆக்கும் வேலைக்கு அரசாங்கம் டெண்டர் விட்டது.

"அது எனக்குத்தான் மாமா. சாக்கடை தூர் வாருற ஆளுக்கு ஆத்து வேலை எதுக்கு?" என்று நடுத்தெருவில் சீண்டினான் சிவக்கொழுந்து.

"உங்க அக்காவக் கட்டுன பாவத்துக்குத்தான்டா உன்ன சும்மா விடுறேன். எப்பிடி எடுக்குறேன்னு மட்டும் பாரு!"

"என்னா வேலைன்னு முழுசாப் படிச்சுட்டுப் போடுங்க" என்று தனகோட்டியின் மனைவி பவானி கெஞ்சினாள்.

"படிச்சு என்னாத்துக்கு? உன் தம்பிய விட கம்மியாப் போட்டாப் போதும்."

நஷ்டத்துக்கே விலை போட்டார், டெண்டர் கிடைத்தது. கடலூரில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுத் திரும்பியவர், மச்சான் வாசலில் சரவெடி கொளுத்தினார். ஆற்றோரம் கட்டியிருந்த தன் கல்யாண மண்டபத்தில் தெருவுக்கே பிரியாணி போட்டார். நானும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

பந்தி முடிவதற்குள் அரசாங்கப் பொறியாளர் வந்து, மண்டபச் சுவரில் சிவப்புப் பெயின்ட்டால் பெருக்கல் குறி போட்டார்.

"கரை மேல இருக்குற ஆக்கிரமிப்ப இடிக்கிறதுதான் சார் முதல் வேலை. காண்ட்ராக்டர் நீங்கதான, நாளைக்கே ஆரம்பிச்சிடுங்க."

அழைக்காமலே வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த சிவக்கொழுந்து நிமிர்ந்தான்.

"நான் எடுத்து இடிச்சிருந்தா, அக்கா என் மூஞ்சில முழிக்குமா மாமா? அதான் உங்களயே எடுக்க வச்சேன்."